மச்சினன் விட்டுப்போன புள்ளி

என் வீட்டுக்காரி என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேர், அதாவது கல்யாணமான பாதி, கொடுத்துவைத்தவன் என்று பெருமூச்சு விடுவீர்கள். நானும் ஒரு காலத்தில் விட்டிருப்பேன். இப்போது ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் பேசாமல் எடுத்துக் காயப்போடுகிறாள். குழாயைச் சரியாக மூடாமல் வந்தால் பேசாமல் போய் மூடுகிறாள். பால் பொங்கி அடுப்பையே அணைத்த அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. துணியை எடுத்துத் துடைத்தாள். மிச்சம் இருப்பதைக் காய்ச்சிக் குடிக்கும்படி சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அதைக் குடிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தம்பி போனதிலிருந்து இப்படித்தான்.

அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். எங்களுக்குக் கல்யாணமானபோது அவன் அரைக்கால் சட்டை. நாங்கள் தனிக்குடித்தனம் வந்தோம். பின்னாலேயே அவனும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். தனிக்குடித்தனம் மூன்று பேருடையது ஆயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவன் உணரவிட்டதும் இல்லை. வாரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளராவது உடைப்பான். நான் உடைத்ததையும் தான் உடைத்ததாகச் சொல்வான். "மாமா, நான் பாத்துக்கறேன், நீங்க பேப்பர் படிக்கற மாதிரி உக்காருங்க" என்பான். எங்கள் வீட்டில் எதிர்க்கட்சி என்று ஒன்று இருந்ததென்றால் அதில் நான் தலைவன், அவன் தொண்டன். ஆட்சியைத்தான் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

வளர்ந்து கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவன் ஆனான். நல்ல பெயர் இருந்தது. கல்யாண சீசனில் காய்ச்சல் வந்தது. இந்த ஒரு கல்யாணம் முடியட்டும் அக்கா, படுத்துக்கொள்கிறேன் என்றான். கல்யாணம் முடிந்தது. வந்து கேமராப் பையைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அவன் திரும்பி வரவில்லை. பை மட்டும்தான் வீட்டில் இருந்தது.

அந்தப் பையை அவள் தன் பீரோவின் மேல்தட்டில், புடவைகளுக்குப் பின்னால் வைத்து மூடினாள். எனக்கும் அதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்தது. சுவரில் கை வைத்தால் ஈரம். ஒருநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது என் தோல் பெல்ட்டை எடுத்தேன். அதன் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. எங்கள் வீட்டில் பூஞ்சை என்றால் அதுவரை என் உடம்பு ஒன்றுதான். பெல்ட்டுக்கே இந்தக் கதி என்றால் மூடிய பீரோவுக்குள், மூடிய பைக்குள் இருக்கும் கேமராவின் கதி என்ன? அவள் வேலைக்குப் போனபின் பையை இறக்கினேன்.

லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை வெள்ளையாக இழைகள், மரத்தின் வேர் மாதிரி கிளை விட்டிருந்தன. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் மனைவியின் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலைவரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கிருமி எது, பூஞ்சை எது என்று பிரித்துச் சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு பூஞ்சையை மறைப்பது என்று முடிவெடுத்தேன். தம்பி கடைசியாகத் தொட்ட பொருளைப் பூஞ்சை தின்கிறது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. அவள் ஒருநாள் அதை எடுத்துப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும். சபதம் பெரியது. செய்கிறவன் நான் என்பதுதான் அதில் இருந்த ஓட்டை.

அவள் கைப்பையில் லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாள் எப்போதும் இருக்கும். அதில் சிலதை உருவினேன். துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன். வெளிக் கண்ணாடி பளபளத்தது. இழைகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், நான் வாசற்கதவைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

வெயிலில் வைத்தால் பூஞ்சை செத்துவிடும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு பால்கனியில் காத்திருந்தேன். மேகம் விலகும்போது லென்ஸோடு ஓடுவேன், தூறல் விழுந்தால் லென்ஸோடு உள்ளே ஓடுவேன். எதிர் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது எந்த யோகாசனம் என்று விசாரித்தார். ஒருமுறை நல்ல வெயில் அடித்தது. லென்ஸைச் சுவர்மேல் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் கருகல் வாசனை. லென்ஸ் வழியாக இறங்கிய வெயில், கீழே நாற்காலியில் மடித்து வைத்திருந்த என் ஆபீஸ் பேன்ட்டில் ஓட்டை போட்டிருந்தது. பூஞ்சை அப்படியே சௌக்கியமாக இருந்தது.

சாயங்காலம் அவள் அந்தப் பேன்ட்டை எடுத்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஆபீஸ் நாற்காலியில் ஆணி என்றேன். ஆணி துணியைக் கருக்காது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. தையல் டப்பாவை எடுத்து வந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். பழைய மனுஷியாக இருந்தால் அந்த ஓட்டையை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் கேமரா பழுது பார்க்கிற கடைக்கே போனேன். செருப்புக் கடைக்குப் பக்கத்தில் மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை. மேஜை விளக்கு, இடுக்கிகள், திறந்து கிடக்கும் கேமராக்கள். கடைக்காரர் என் பையைப் பிரித்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாரில் ஒரு இடத்தில் நூல் சுற்றியிருந்தது, அதைத் தடவினார். யாருடையது என்று கேட்டார். சிநேகிதருடையது என்றேன்.

லென்ஸைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும் என்றார். பூஞ்சை போய்விடும், ஆனால் கண்ணாடியின் பூச்சைத் தின்ற இடத்தில் லேசாகத் தடம் இருக்கும் என்றார். பிறகு வெள்ளைத் தாளை ஒரு படம் எடுத்து எனக்குக் காட்டினார். இடது மேல் மூலையில் மங்கலாக ஒரு கறுப்புப் புள்ளி.

"உள்ள சென்சார்ல தூசி ஒட்டியிருக்கு. எந்தப் படம் எடுத்தாலும் இதே இடத்துல விழும். அதையும் எடுத்துடட்டுமா?"

வந்தது வந்தோம் என்று, மிச்சம் மீதி இல்லாமல் எல்லாவற்றையும் துடைத்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தபோது, டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் சுவர் தெரிந்தது. அவ்வளவு சுத்தம். அவள் வருவதற்குள் பையைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். கதவின் உள்பக்கத்தில் அவள் ஒட்டிவைத்திருக்கும் படம் கண்ணில் பட்டது. அவள் படம். சமையலறை ஜன்னல் ஓரம், வெள்ளைச் சுவருக்கு முன்னால், கையில் கரண்டியோடு யாரையோ அதட்டிக்கொண்டே சிரிக்கிறாள். அந்தக் கடைசிக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவன் எடுத்தது. அவள் தலைக்கு மேலே, இடது பக்கம், மங்கலாக ஒரு புள்ளி.

ஈ எச்சம் என்று நினைத்து அதை ஒருமுறை நான் துண்டால் துடைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். அதுவும் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாயங்காலங்களில் அவள் தொடுதிரைக் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துத் தம்பி கடைசியாக எடுத்த கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதவருகே நின்று நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கவே மாட்டாள். ஒவ்வொரு படத்திலும் அவள் விரல் திரையின் இடது மேல் மூலைக்குத்தான் போகும். என்னைப் பார்த்ததும் மூடிவிடுவாள். திரையில் தூசி என்று நினைத்து, ஒருநாள் துணிகூட எடுத்துக் கொடுத்தேன்.

கட்டிலில் உட்கார்ந்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. அவன் எந்தக் கல்யாண மண்டபத்தில் லென்ஸ் மாற்றினானோ, எந்தக் காற்று அதைக் கொண்டுவந்து போட்டதோ, அவனோடு கடைசிவரை கூட இருந்த தூசி அது. அவள் அதைத்தான் படம் படமாகத் தடவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அவள் என்னைத் தூசுக்குச் சமமாக நடத்துகிறாள் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். ஒரு தூசுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று தெரியாமல், அதைத் துடைத்தெடுத்து விட்டேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே படியில் நின்றேன்.

"சார், அன்னைக்கு எடுத்தீங்களே, அந்தத் தூசி. அது வேணும்."

"எந்தத் தூசி?"

"கேமராவுல இருந்த தூசி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "தூசியை எடுத்துக் குடுங்கன்னு நிறையப் பேர் வந்திருக்காங்க சார். திருப்பிக் குடுங்கன்னு வந்தது நீங்கதான்."

நான் விடவில்லை. அவர் குப்பைக் கூடையை என் பக்கம் நகர்த்தினார். சென்சார் துடைத்த குச்சிகள் ஒரு கை அளவு கிடந்தன. எது எந்தக் கேமராவில் துடைத்தது என்று அவருக்கே தெரியாது. குனிந்து கிளறிக் கிளறி, ஓரளவுக்கு மச்சினன் சாயல் உள்ளதாகப் பட்ட ஒரு குச்சியைத் தாளில் மடித்துக்கொண்டு வந்தேன். படி இறங்கும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்து லென்ஸைக் கழற்றி, உள்ளே அந்தக் குச்சியைத் தட்டினேன். படம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. ஜன்னல் கம்பியில் விரலை வைத்து எடுத்து ஊதினேன். வலது பக்கம் மூன்று விழுந்தது. இடது பக்கம் விழட்டும் என்று கேமராவைச் சாய்த்துக் குலுக்கினேன். நடுவில் விழுந்தது. ஆத்திரத்தில் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்து மேலே நின்று உதறினேன். எடுத்துப் பார்த்தால் அமாவாசை வானம் மாதிரி எண்ண முடியாத புள்ளிகள். எல்லா இடத்திலும் தூசி. இருக்க வேண்டிய அந்த இடது மேல் மூலை மட்டும் சுத்தமாக இருந்தது.

அவள் வரும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் பைக்குள் திணித்து, மேல்தட்டில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன். அதற்குப் பின் வந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் பீரோவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியர்த்தது. அவன் இருந்திருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று சொல்லியிருப்பான். அவன் இல்லாத குறை அந்த வாரம்தான் எனக்கு முழுசாக உறைத்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அதன்பின் குழாயைச் சரியாக மூடவில்லை.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பையை எடுத்து வரச் சொன்னாள். கொண்டுவந்து கொடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவை வெளியே எடுத்தாள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தாள். எடுத்ததையே ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். பொய் எதுவும் தோன்றவில்லை. பெல்ட்டிலிருந்து ஒட்டடைக் கம்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் புள்ளியை நான்தான் துடைக்கச் சொன்னேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள் என்றேன்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கடைக்குப் போன அன்னைக்கே அவர் எனக்கு போன் பண்ணிட்டார். தம்பி எப்பவும் அவர்கிட்டதான் குடுப்பான். வார்ல சுத்தின நூலைப் பாத்ததும் கண்டுபுடிச்சிட்டார். உங்க வீட்டுக்காரர் முழுசா துடைக்கச் சொல்றார், துடைக்கட்டுமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"துடைக்கச் சொன்னேன்."

அவள்தான் தொடர்ந்தாள். அந்தப் புள்ளி தம்பியைப் பாடாய்ப் படுத்திவிட்டதாம். அந்த சீசன் முழுக்க, கேமராவைக் கடையில் விட நேரம் இல்லாமல், எடுத்த ஒவ்வொரு படத்திலும் உட்கார்ந்து அதை அழித்துக்கொண்டிருந்தானாம். கடைசிக் கல்யாணத்தின் படங்களில் அழிப்பதற்கு அவனுக்கு நாள் இல்லை. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று கேட்காமலே இருந்தார்கள். அவன் ஒப்புக்கொண்ட வேலை பாதியில் நிற்கிறதே என்று இவளுக்குத் தூக்கம் வரவில்லை. எப்படி அழிப்பது என்று கடைக்காரரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அழித்தாள்.

அவள் விரல் திரையின் மூலைக்குப் போனது தடவுவதற்கு இல்லை. துடைப்பதற்கு.

"எல்லாத்துலயும் எடுத்துட்டேன். போன வாரம் ஆல்பம் போட்டு அவங்க வீட்டுல குடுத்துட்டு வந்தேன். என் படம் ஒண்ணுல மட்டும் விட்டு வச்சிருக்கேன்," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "கேமராவுல துடைச்சிடுங்கன்னு போன்ல சொல்லிட்டு லேப்லயே உக்காந்து அழுதேன். ரத்தம் குடுக்க வந்தவங்க ஊசியோட கைய நீட்டிக்கிட்டே எனக்கு ஆறுதல் சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க உதவி பண்ண வந்துடுவீங்களே."

கேமரா திரையில் நான் போட்ட புள்ளிகளை அவள் மறுபடியும் பார்த்தாள். குப்பைக் கூடையைக் கிளறினேனாமே என்று கேட்டாள். அதையும் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆமாம் என்றேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அருகே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, நடுவில் அந்தக் கேமராவை வைத்துக்கொண்டு, அவன் போன பிறகு முதல் தடவையாகச் சேர்ந்து அழுதோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் ஆரம்பித்தாள். தினமும் மைக்ராஸ்கோப் லென்ஸ் துடைக்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு லென்ஸை வெயிலில் காயப்போட்ட மனுஷன் உலகத்தில் உண்டா என்று தொடங்கி, ஒட்டடை, பேன்ட், நான் உருவிய லென்ஸ் தாள் என்று வரிசையாக இருட்டும்வரை திட்டினாள். நான் மழைக்குப் பிந்திய வெயிலில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்.

கேமரா மறுபடியும் கடைக்குப் போய் வந்தது. இம்முறை அவளே எடுத்துப் போனாள். ஆல்பத்தைப் பார்த்த பெண் வீட்டார், தங்கள் இளைய மகளின் கல்யாணத்துக்கும் அவளே வந்து எடுத்துத் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு என்ன தெரியும் என்றேன். தம்பி தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அவளை நிறுத்தி எடுப்பானாம். பிறகு கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் போய் நிற்பானாம். நான் ஆபீஸில் இருந்த நேரங்களில் என் வீட்டில் ஒரு பள்ளிக்கூடமே நடந்திருக்கிறது.

கல்யாணத்தன்று நானும் கூடப் போனேன். பெண்பிள்ளை தனியாகக் கூட்டத்தில் திண்டாடக் கூடாது, பக்கத்தில் ஆண் துணை வேண்டும் என்று சொல்லித்தான் போனேன். ஒட்டுப் போடாத நல்ல பேன்ட். தலையை இரண்டு தடவை சீவிக்கொண்டேன். அவள் மேடை ஏறி, ஒரு கண்ணை மூடி, கேமராவை முகத்தில் வைத்தாள். அப்படியே அவன் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் ஒரு கணம் கேமராவை இறக்காமலே நின்றாள். கேமராவுக்குப் பின்னால் அவள் கண் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, இவர் யாரென்று அவளிடம் கேட்டார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "நம்ம லைட் பிடிக்கறவர்."